குழாய் மூட்டு, வாளி, குக்கர் பிடி, சார்ஜர் வயர்: பிசைந்து ஒட்டும் பசை எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பாத்ரூம் குழாய் மூட்டில் கசிவு. கடையில் கொடுத்த இரண்டு கட்டிகளைப் பிசைந்து அப்பினால் சில வாரங்களில் பெயர்ந்துவிடுகிறது. பிளாஸ்டிக் வாளி விரிசலில் அது ஒட்டவே இல்லை. குக்கர் பிடி ஆடுகிறது. சார்ஜர் வயர் கழுத்தில் பிய்ந்திருக்கிறது. வெளிநாட்டில் சுக்ரு என்று ஒரு ஒட்டும் பொருள் விற்கிறார்களாமே, அதை வாங்கினால் இந்த நான்கையும் சரிசெய்துவிடலாமா?

முடியாது. சார்ஜர் வயருக்கு சுக்ரு பொருத்தம். குழாய்க்கு நீங்கள் ஏற்கெனவே வாங்கிய அந்த இரண்டு கட்டியே, அதாவது எபாக்சியே, போதும், போட்ட விதத்தில்தான் கோளாறு. வாளிக்கும் குக்கருக்கும் பசையே வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறு ஏதாவது உடைந்தாலும் இதே கணக்குதான்.

நான் ஹார்டுவேர் கடையில் நிற்பவன். பசை வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கா ஒன்று கொடுங்க" என்பார்கள். எதை ஒட்டப் போகிறீர்கள் என்று கேட்டால் சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் பசையின் பலம் என்பது இரண்டாவது கேள்விதான். எந்தப் பரப்பில் ஒட்டப் போகிறோம், அங்கே சூடு, தண்ணீர், ஆட்டம் எதெல்லாம் இருக்கும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நம் ஊரில் பிசைந்து ஒட்டுவது எதுவானாலும் எம்-சீல் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். மஹிந்திரா குழுமத்திடம் இருந்த அந்த பிராண்டை, ஃபெவிகால் செய்யும் பிடிலைட் 2000-ல் வாங்கியது. 2020-ல் இந்தியாவில் அரால்டைட் வியாபாரத்தையும் அதே கம்பெனி வாங்கிவிட்டது. ஒன்று களிமண் பதம், இன்னொன்று டியூபில் வரும் கூழ். உள்ளே இருப்பது ஒரே குடும்பச் சரக்கு: ஒரு பக்கம் எபாக்சி பிசின், மறுபக்கம் அதை இறுக வைக்கும் ஹார்டனர். களிமண் பதம் வருவதற்காக டால்க் மாதிரியான தூள்களைச் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பிசினை 1930-களில் உருவாக்கியவர்களில் ஒருவரான சுவிட்சர்லாந்துக்காரர் பியர் காஸ்டான் அப்போது தேடிக்கொண்டிருந்தது பல்செட் செய்ய ஒரு பொருள். அது கடைசியில் நம் வீட்டுக் குழாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எபாக்சி காய்ந்து இறுகுவதில்லை, கலந்தவுடன் ஆரம்பிக்கும் வேதிவினையால் இறுகுகிறது. அதனால் மூடிய சந்திலும் இறுகும், ஈரத்திலும் ஓரளவு இறுகும், இறுகும்போது பெரிதாகச் சுருங்காது. இறுகிய பிறகு கல் மாதிரி ஆகிவிடும். அராவலாம், துளை போடலாம், பெயின்ட் அடிக்கலாம். வளைய மட்டும் வளையாது. ஆடும் இடத்தில், வளையும் இடத்தில் போட்டால் விரிசல் விடும்.

சுக்ரு வேறு ஜாதி. அது சிலிகோன். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்த அயர்லாந்துப் பெண் ஒருவருக்கு 2003 வாக்கில் வந்த யோசனை, 2009 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2018-ல் ஜெர்மனியின் டேசா கம்பெனி அதை வாங்கிவிட்டது. சின்னச் சின்ன பாக்கெட்டில் வரும். எதையும் கலக்க வேண்டாம். பிரித்துக் கையில் உருட்டினால் அரை மணி நேரம் வரை விரும்பிய உருவத்துக்கு வரும். அதன் பிறகு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரு நாளில் ரப்பராக மாறிவிடும். தடிமன் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நேரம் கூடும். சூடும் குளிரும் நன்றாகத் தாங்கும், வளைந்து கொடுக்கும். எபாக்சி அளவுக்குக் கெட்டி இல்லை. நம் ஊரில் இது எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆன்லைனில் வாங்கினால் விலை கை கடிக்கும்.

சரி, வாளிக்கு வருவோம். அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 2, 4 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். வாளி, குடம், மக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர் டேங்க் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. தொட்டால் லேசாக மெழுகு தடவியது மாதிரி இருக்கும். இவற்றின் மேல் எபாக்சியும் ஒட்டாது, சுக்ருவும் ஒட்டாது, ஃபெவிக்விக்கும் நிற்காது. தாமரை இலையில் தண்ணீர் மாதிரி மேலோடு நின்றுவிடும். இதற்கென்று பிரைமரோடு சேர்த்து விற்கும் தனிப் பசைகள் உண்டு, ஆனால் ஒரு வாளிக்கு அந்தச் செலவு கட்டுபடி ஆகாது.

இந்த வகைப் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் சேர்க்க முடியும். பழைய வாளியிலிருந்து அதே வகைத் துண்டு ஒன்றை வெட்டி, சால்டரிங் அயர்னால் விரிசலின் இரு கரைகளோடும் சேர்த்து உருக்கிவிடலாம். முதலில் விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போடுங்கள், விரிசல் அதற்கு மேல் ஓடாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதில்லை. நாற்காலிக் கால் பிளந்திருந்தால் இரு பக்கமும் துளையிட்டுக் கட்டுக்கம்பியால் தைப்பது எந்தப் பசையை விடவும் மேல், ஆனால் கனத்த ஆளை உட்கார வைக்காதீர்கள். டேங்க் சுவரில் விரிசல் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். குழாய் இறங்கும் இடத்தில்தான் கசிகிறது என்றால் அது பெரும்பாலும் வாஷர் பிரச்சினை, மாற்றினால் தீர்ந்தது.

இப்போது குழாய். உங்களுக்கு உண்மையில் உதவப் போகும் பகுதி இது.

எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள். தண்ணீர் டேப் சுவரில் திருகி ஏறும் மரையில் கசிந்தால் பிசைந்து அப்பாதீர்கள். கழற்றி, பழைய நூலைச் சுரண்டிவிட்டு, டெஃப்ளான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி மறுபடி ஏற்றினால் போதும், பத்து நிமிட வேலை. பிவிசி எல்போ அல்லது கப்ளிங் ஒட்டிய இடத்தில் கசிந்தால், அந்தத் துண்டை அறுத்துவிட்டுப் புதிதாக சொல்யூஷன் போட்டு ஒட்டுவதுதான் முறையான வேலை. டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கிறது, குழாயைத் திருப்ப இடமில்லை, பழைய ஜிஐ (இரும்பு) பைப்பில் துரு தின்று ஊசி ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் எபாக்சி கைகொடுக்கும்.

ஏன் பெயர்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கீழே குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். மாடி வீட்டில் ஏழு, எட்டு மீட்டர் என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் ஓட்டையில் தண்ணீர் வெளியே தள்ளும் விசை 25 கிராம் அளவுக்குத்தான் வரும். அதைத் தாங்க எந்தப் பசையும் போதும். ஆனால் குழாய் மேல் அழுக்கோ துருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், தண்ணீர் அந்தப் படலத்தின் வழியாகப் பசைக்கு அடியில் ஊர்ந்து பரவும். நான்கு சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பரவிவிட்டால் அதே தண்ணீர் சுமார் மூன்று கிலோவாகத் தள்ளும். அப்புறம் அந்த ஒட்டு எத்தனை நாள் நிற்கும்? உங்கள் வீட்டில் சில வாரம் நின்றுவிட்டுப் பெயர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பசையின் பலத்தைக் கூட்டி இதை வெல்ல முடியாது. அடிப்பரப்பைச் சரியாக்கினால்தான் முடியும்.

அதனால் கேட் வால்வை மூடுங்கள், டேப்பைத் திறந்து குழாயில் இருக்கும் தண்ணீரை வடியுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அதன் மேலேயே புதுசைப் போடுவது வீண். ஜிஐ என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளி நிறம் தெரியும்வரை துருவை நீக்குங்கள். பிவிசி என்றால் உப்புத்தாளால் தேய்த்து அந்த வழவழப்பைப் போக்குங்கள். ஆக்ஸா பிளேடால் லேசாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் இன்னும் நல்லது, பசை அந்தக் கீறல்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். இதற்குப் பிறகு அந்த இடத்தைக் கையால் தொடக் கூடாது. விரலில் எப்போதும் எண்ணெய் இருக்கும், தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

கையுறை போட்டுக்கொண்டு பிசையுங்கள். இரண்டு கட்டியிலும் சம அளவு வெட்ட வேண்டும். கண்ணளவாக எடுக்காமல் இரண்டையும் ஒரே தடிமனில் உருட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நீளத்துக்கு வெட்டினால் அளவு தப்பாது. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுத்திருப்பதே கலந்தது தெரிவதற்குத்தான். கோடு கோடாக, மார்பிள் மாதிரித் தெரிந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். ஒரே நிறம் வந்த பிறகும் இன்னும் ஒரு நிமிடம் பிசையுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அது சீக்கிரமும் இறுகாது, முழுசாகவும் இறுகாது, நடுவில் சூயிங்கம் மாதிரி நின்றுவிடும்.

பிசைந்ததைச் சுற்றி ஒட்டுகிறோம் என்று நினைக்காமல், ஓட்டைக்குள் திணிக்கிறோம் என்று நினைத்து முதல் சிறு உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தேய்த்து இறக்குங்கள். மீதியைப் பட்டையாகத் தட்டி, ஓட்டையின் இரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் வரை போகும்படி குழாயைச் சுற்றி வளைத்து அழுத்துங்கள். நடுவில் அரை சென்டிமீட்டர் தடிமன், ஓரத்துக்குப் போகப் போக மெல்லிசாகிக் குழாயோடு ஒன்றாகிவிட வேண்டும். ஓரம் மேடாக நின்றால் அங்கிருந்துதான் பெயரும். கடைசியாக விரலை ஈரமாக்கி ஒரு தடவு தடவினால் வழவழவென்று படிந்துவிடும். பாக்கெட்டில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இறுகும் என்று போட்டிருந்தாலும் ஒரு நாள் முழுக்க வால்வைத் திறக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் கத்துவார்கள், முதல் நாளே இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுங்கள்.

வால்வு சரியாக அடைபடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்து ஓட்டையின் மேல் சுற்றிக் கட்டுங்கள். சொட்டுவது நின்ற பிறகு டியூபையும் இரு பக்கக் குழாயையும் சேர்த்து எபாக்சியால் மூடுங்கள். ஈரத்தில் இறுகும் என்று எழுதியிருக்கும் எபாக்சிகூட, ஓடும் தண்ணீரின் எதிரில் நேராக ஒட்டாது.

மோட்டார் லைனில் மட்டும் இந்த வேலையை நம்பாதீர்கள். போர்வெல்லிலிருந்து டேங்குக்கு ஏறும் குழாயில் மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் ஒரு உதை வரும், குழாய் முழுக்க அதிரும். கல் மாதிரி இறுகிய எபாக்சிக்கு அந்த அதிர்வு ஆகாது. அங்கே குழாயை மாற்றுவதுதான் வழி.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் நேரக் கணக்கு பெரும்பாலும் 25, 30 டிகிரிக்கு எழுதியது. பத்து டிகிரி கூடினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை மாதம் மொட்டை மாடியில் வேலை என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள், மொத்தத்தையும் ஒரே உருண்டையாகப் பிசையாதீர்கள். பெரிய உருண்டை தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும், கையில் வைத்திருக்கும்போதே வெதுவெதுவென்று தெரியும். வெயில் படும் இடத்தில் இறுகியதன் மேல் பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளாக நாளாக மஞ்சளடித்து மாவு மாதிரி உதிரும்.

குக்கர் பிடிக்கு ஒரே பதில்: ஒட்டாதீர்கள். மூடியைப் பூட்டி வைப்பதே அந்தப் பிடிதான். உள்ளே 120 டிகிரி அளவுக்குச் சூடும், வெளிக்காற்றை விட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அதிகமாக அழுத்தமும் இருக்கும். வீட்டுச் சூட்டில் இறுகும் சாதாரண எபாக்சி அவ்வளவு சூட்டில் இளக ஆரம்பிக்கும். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். மரை போயிருந்தால் அந்தக் கம்பெனியின் பிடியும் ஸ்க்ரூவும் பாத்திரக் கடையில் தனியாகவே கிடைக்கும். கேஸ் அடுப்பு, ரெகுலேட்டர், கேஸ் டியூப் ஆகியவற்றுக்கும் இதுவே. கேஸ் டியூபில் விரிசல் தெரிந்தால் சுற்றி அப்பாமல் அன்றைக்கே மாற்றுங்கள். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். சீலிங் ஃபேன் கொக்கி, ஹெல்மெட், மாடிப்படிக் கைப்பிடி, ஆள் எடை தாங்கும் எதுவும் பசை வேலை கிடையாது. தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தின் உள்பக்கத்திலும் பூசாதீர்கள்.

சார்ஜர் வயரில் இரண்டு நிலை உண்டு. மேல் உறை மட்டும் பிய்ந்து, உள்ளே கலர் கலரான சின்ன வயர்கள் உறையோடு நன்றாக இருந்தால் சுக்ரு அருமையாக நிற்கும். பிய்ந்த இடத்தில் மட்டும் பூசாமல், பின்னின் கழுத்தில் ஆரம்பித்து வயரின் மேல் இரண்டு சென்டிமீட்டர் வரை கூம்பு மாதிரி மெலிந்து போகும்படி வையுங்கள். மொத்தையாக வைத்தால் மொத்தை முடியும் இடத்தில் வயர் மடங்கி அங்கே புதிதாகப் பிய்யும். பின்னுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொண்டு ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். செம்புக் கம்பி தெரிந்தால் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். சுவர் பிளக் பக்கத்து வயர், அயர்ன் பாக்ஸ் வயர், மிக்ஸி வயர் என 230 வோல்ட் ஓடும் எதையும் இப்படி ஒட்டக் கூடாது.

சுக்ரு கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே செய்யும் ஒரு கலவை உண்டு. ஜன்னல் ஓரம் அடைக்க வாங்கும் சிலிகோன் டியூபில் வினிகர் வாசனை அடிக்கும் வகையை எடுத்து, ஏறக்குறைய சம அளவு கார்ன்ஃப்ளோர் மாவு சேர்த்துக் கிளறினால் சப்பாத்தி மாவுப் பதம் வரும். சிலிகோன் இறுக ஈரம் வேண்டும். தனியாக விட்டால் மேல்தோலிலிருந்து மெதுவாகத்தான் இறுகும், மாவில் இருக்கும் ஈரம் அதை உள்ளிருந்தே இறுக வைக்கிறது. அதனால் சில நிமிடங்களுக்குள் உருவம் கொடுத்துவிட வேண்டும். கையுறையில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் தடவிக்கொண்டால் ஒட்டாது. மிக்ஸிக்கு அடியில் வைக்கும் ரப்பர் பாதம், கதவு சுவரில் இடிக்காமல் ஒரு முட்டு, கத்தியின் வழுக்கும் பிடிக்கு மேல் ஒரு உறை என்று நிறையச் செய்யலாம். எப்போதும் ஈரம் தேங்கும் இடத்தில் வேண்டாம், மாவு இருப்பதால் பூஞ்சை பிடிக்கும். அந்த வினிகர் வாசனை அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும், ஆகவே இதைச் சார்ஜர் வயருக்கு எடுக்காதீர்கள்.

வெந்நீரில் போட்டால் இளகி, ஆறினால் பிளாஸ்டிக்காக இறுகும் மணிகளும் ஆன்லைனில் விற்கிறார்கள். 60 டிகிரியில் இளகும். உருவம் செய்வதற்கு ஜாலியான பொருள், ஒட்டும் பசை என்று வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அதால் செய்த போன் ஸ்டாண்ட் வைத்தால் படுத்துவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எபாக்சிக்கு நான் மிகவும் சிபாரிசு செய்யும் வேலை இதுதான். பீரோ அல்லது டிராயர் கைப்பிடியின் ஸ்க்ரூ துளை பெரிதாகி ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? துளையைச் சுத்தம் செய்து எபாக்சியைத் திணியுங்கள். ஸ்க்ரூவில் தேங்காய் எண்ணெய் தடவி, நேராக உள்ளே அழுத்தி அப்படியே விடுங்கள். மறுநாள் திருகினால் ஸ்க்ரூ கழன்று வரும், உள்ளே அச்சு வார்த்த மாதிரிப் புது மரை இருக்கும். சுவரில் ஆடும் ரவுல் பிளக்கையும் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளக்) இப்படியே நிறுத்தலாம், காலண்டர், சாவி மாட்டி, சின்னக் கண்ணாடி அளவுக்குத் தாங்கும்.

கையுறை பற்றி மேலே ஒரு வரியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இறுகாத எபாக்சி பலருக்குத் தோல் அலர்ஜி தரும். முதலில் ஒன்றும் ஆகாமல் இருக்கும். உடம்பு ஒருமுறை அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிப்பும் தடிப்பும் வரும், அது போகாது. பிளம்பர்கள் வெறும் கையில் பிசைகிறார்களே என்று பார்த்து நீங்களும் செய்ய வேண்டாம். கையுறை இல்லையென்றால் பால் கவரைக் கழுவி மாட்டிக்கொள்ளுங்கள், எபாக்சி அதில் ஒட்டவும் ஒட்டாது. தோலில் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், தின்னர் ஊற்றித் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும். இறுகியதை உப்புத்தாள் போடும்போது முகத்தில் மாஸ்க் வேண்டும்.

மிச்சமான இரண்டு கட்டிகளையும் தனித்தனிக் கவரில் சுற்றி வையுங்கள், கத்தியில் ஒன்றின் துளி மற்றதில் பட்டால் அந்த இடம் இறுகிவிடும். சுக்ரு வாங்கினால் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆயுள் கூடும். பிரித்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், அதனால் ஒட்ட வேண்டிய நான்கைந்து சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிரியுங்கள்.